மின்சாரம் இருந்தது, வழி இல்லை!

மின்சாரம் இருந்தது, விளக்கு எரியவில்லை! விற்பவன் இருந்தான் – மலிவாகத் தருகிறேன், வாங்கிக்கொள் என்று கூவினான். வாங்குபவன் இருந்தான் – கடன்பட்டாவது வாங்குவேன் என்று கைநீட்டினான். சட்டம் இருந்தது – எவரும் எவரிடமும் வாங்கலாம், விற்கலாம் என்று வாயிலைத் திறந்துவிட்டது. எல்லாம் இருந்தும், பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தவன் இருட்டிலேதான் உட்கார்ந்திருந்தான். 2012ஆம் ஆண்டின் கதை இது. கற்பனையல்ல, தோழர்களே, கண்டது, பட்டது!

2008இல் தலைகாட்டிய மின்வெட்டு, ஆண்டுதோறும் வளர்ந்து, 2012இல் ஆளையே விழுங்கும் அளவுக்கு வாய் பிளந்தது. இடையிலே ஆட்சி மாறிற்று; இருட்டு மாறவில்லை. யார் காலத்து இருட்டு அதிகக் கருப்பு என்று அளந்து பார்ப்பது இன்று நம் வேலையல்ல – அதற்குத் தேர்தல் மேடைகள் இருக்கின்றன. சென்னைக்கு ஒரு நீதி, வெளியூருக்கு ஒரு நீதி என்று இருந்ததை மட்டும் நினைவூட்டுவோம். தலைநகரில் நாளொன்றுக்கு 2 மணி நேரம். வெளி மாவட்டங்களிலோ 10 மணி, 12 மணி, பொல்லாத நாட்களில் அதற்கும் மேல். சென்னைக்கும் காஞ்சிக்கும் இடையே 75 கிலோமீட்டர். அதைக் கடப்பதற்குள் வெளிச்ச நாடு முடிந்து இருட்டு நாடு தொடங்கிவிடும்!

"கைத்தறிதானே, கையால் நெய்வதற்கு மின்சாரம் எதற்கு?" என்று கேட்பாரும் உண்டு. பட்டுச் சேலையைக் கடைக் கண்ணாடிக்குள் மட்டும் பார்த்தவர்கள் அவர்கள். வந்து பார்க்கட்டும். வீட்டு நடையிலே குழி, குழியிலே கால், சன்னல் ஒன்று, அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்து. தலைமயிரிலும் மெல்லிய இழை ஆயிரக்கணக்கில் பாவாக நிற்கிறது. ஒன்று அறுந்தால் தேடிப் பிடித்துப் பிணைக்கவேண்டும். கோர்வைக்கரையிலே கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம்; இரண்டும் பல்லுக்குப் பல் சேரவேண்டும். கண்ணிருந்தால் மட்டும் போதுமா, வெளிச்சம் வேண்டாமா? முறுக்கு ஏற்றும் பட்டறையிலே மோட்டார். தார் சுற்றுவதற்கு மோட்டார். மோட்டார் நின்றால் நூல் நிற்கும். நூல் நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு நிற்கும். நெசவாளிக்குக் கூலி சேலைக்கு. உட்கார்ந்திருந்த மணிக்கு அல்ல. ஆலை முதலாளி டீசல் எந்திரம் வாங்கி வைத்துக்கொண்டான். செலவைச் சரக்கின் விலையில் ஏற்றினான். தறிக்காரன் எதில் ஏற்றுவான்? வட்டிக் கணக்கில் ஏற்றினான்!

அந்நாளில் நமக்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே ஒன்று: பற்றாக்குறை. பொய்யென்று சொல்லமாட்டோம். வல்லூரிலும் வடசென்னையிலும் மேட்டூரிலும் எழும்பிக்கொண்டிருந்த புதிய அனல் நிலையங்கள் காலம் தாழ்ந்தன. காற்று ஓய்ந்ததும் காற்றாலைகள் ஓய்ந்தன. மழை பொய்த்தால் அணை நீர் பொய்த்தது. ஆனால் அது பாதி உண்மை. மற்றப் பாதி, மேடையில் யாரும் அதிகம் பேசாத பாதி, என்ன தெரியுமா? மேற்கிலும் கிழக்கிலும் விற்பனைக்கு மின்சாரம் கிடந்தது. அதை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கப் போதிய கம்பி இல்லை!

வடக்கு, மேற்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய நான்கு மண்டலங்களின் மின்கட்டமைப்புகளும் 2006 ஆகஸ்டிலேயே ஒன்றாகப் பிணைக்கப்பட்டுவிட்டன. தெற்கு மட்டும் தனியே நின்றது. இரண்டுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படியாக இருந்தவை மூன்று வாயில்கள். மராட்டிய மாநிலத்துப் பத்ராவதியில் ஒன்று, 1,000 மெகாவாட். விசாகப்பட்டினத்தை அடுத்த கஜுவாக்காவில் ஒன்று, அதுவும் 1,000. ஒரிசாவின் தால்ச்சேரிலிருந்து கருநாடகத்துக் கோலார் வரை, ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் ஓடி வரும் நேர்மின்னோட்டப் பாதை ஒன்று. 2003இல் 2,000 மெகாவாட்டாக வந்து, பின்னர் 2,500 ஆக உயர்ந்தது. அந்தப் பெரிய வாயிலும் காலியாக இருந்ததா? இல்லை! தால்ச்சேர் நிலையத்தில் தென்மாநிலங்களுக்கென்றே உற்பத்தியான மின்சாரத்தைக் கொண்டுவருவதற்கே அதன் பெரும்பகுதி சரியாகிவிட்டது. ஆக, தெற்கு முழுவதற்கும் 4,500 மெகாவாட் வாயில். தமிழ்நாட்டின் தேவை மட்டுமே அன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டி நின்றது.

குறுகலான வாயில், கூடி நிற்கும் கூட்டம் – இதன் பெயர் நெரிசல். நெரிசல் என்றால் என்னவென்று காஞ்சிபுரத்துக்காரனுக்கு எவரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை, 48 நாட்கள், நாற்பதாண்டுக்கு ஒருமுறை தண்ணீரைவிட்டு வெளியே வருகிற அத்திவரதரைப் பார்க்க ஒரு கோடிப் பேர் இவ்வூருக்கு வந்தார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். பக்தி பற்றி நாம் இங்கே வாதாட வரவில்லை. வரிசை பற்றிப் பேச வந்தோம். அந்த வரிசையை எப்படி நடத்தினார்கள்? முந்தி வந்தவன் முந்தி என்று ஒரு வரிசை. அனுமதிச் சீட்டு உள்ளவருக்கு வேறு வாயில். காசு கட்டியவருக்கு விரைவு வழி. ஊரிலிருந்து மஞ்சள்பை தூக்கி வந்த கிழவி விடியலில் நின்றவள் மாலையிலும் நின்றுகொண்டிருந்தாள். காரில் வந்தவர் காப்பி ஆறுவதற்குள் பார்த்துவிட்டுப் போனார். வாயில் ஒன்று, அதன் அகலத்தை யாரும் மாற்றவில்லை. யார் முதலில் நுழைவது என்பதை மட்டும் மாற்றி மாற்றி வகுத்தார்கள். அதற்கு 'நெரிசல் மேலாண்மை' என்று பெயரும் சூட்டினார்கள்!

மின்சாரத்திலும் அதே கதைதான். கம்பியின் கொள்ளளவு இவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். முழுவதையும் நிரப்ப முடியாது. அளவுக்கு மேல் ஏற்றினால் கம்பி சூடேறும், நீளும், தொங்கும், மரத்தைத் தொடும். மேலும் ஒரு கம்பி திடீரென்று அறுந்தால் அதன் சுமையை மற்றக் கம்பிகள் உடனே தாங்கவேண்டும். அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கிவைக்க வேண்டும். மிஞ்சும் இடத்தை அந்நாளில் பங்கு போட்டார்கள். நீண்டகால ஒப்பந்தக்காரனுக்கு முதல் இடம். இடைக்கால ஒப்பந்தக்காரனுக்கு அடுத்த இடம். நாளைக்கு வேண்டும் என்று சந்தையில் வந்து நிற்பவனுக்குக் கடைசி இடம். 2012இல் தமிழ்நாடு பெரும்பாலும் எந்த வரிசையில் நின்றது? அந்தக் கிழவி நின்ற வரிசையில்!

ஒரு வேற்றுமை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். மனிதனை 'இந்தப் பக்கம் போ' என்றால் போவான். மின்சாரம் போகாது. ஒரே கட்டமைப்புக்குள் புகுந்துவிட்டால், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வழியை அது படித்துப் பார்ப்பதில்லை. எதிர்ப்புக் குறைந்த கம்பியில் அதிகமாகவும், கூடிய கம்பியில் குறைவாகவும், இருக்கிற எல்லா வழியிலும் பிரிந்து பாயும். எங்கோ இருவர் செய்துகொண்ட வியாபாரம், அதற்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாமவன் ஊர்க் கம்பியை நிரப்பிவிடும். ஆகவே காய்கறிச் சந்தையைப் போலத்தான் மின்சாரச் சந்தையும் என்று யாராவது சொன்னால், தோழர்களே, அவர் கம்பத்தைப் பார்த்திருப்பார், கம்பியைப் பார்த்திருக்கமாட்டார்.

இதன் கொடுமையை வடக்கே 2012 ஜூலை 30, 31 ஆகிய இரண்டு நாட்களில் கண்டார்கள். பீனாவிலிருந்து குவாலியர் செல்லும் 400 கிலோவோல்ட் தடத்தில் சுமை மிஞ்சியது, அது விழுந்தது, அதன் சுமை மற்றவற்றின்மேல் சாய்ந்தது, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் விழுந்தன. முதல் நாள் வடக்கு மண்டலம். மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும். 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு இருண்டது. இரயில்கள் நடுவழியில் நின்றன. டில்லியில் அதிகார பீடங்களே வியர்த்தன. தெற்கு தப்பியது! ஏன்? தனித்து நின்றதால், குறுகிய வாயில்களோடு ஒதுங்கி நின்றதால், அந்தச் சரிவு நம்மைத் தொடவில்லை. "பார்த்தீர்களா, தனிமையே நன்மை" என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது: அந்த இரண்டு நாளில் நம்மைக் காத்த அதே வேலிதான், ஆண்டின் மற்ற நாட்களில் நம்மைப் பட்டினி போட்டது. வேலி எங்கே வேண்டும், வாயில் எங்கே வேண்டும் என்பதைப் பொறியாளன் கணக்கிடட்டும். இரண்டுக்கும் ஆகும் விலையை ஏழையின் தலையில் கட்டாதே என்பதுதான் நம் பேச்சு.

விலை என்றோமே, அந்தக் கதைக்கு வருவோம். அதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி.

2003இல் மின்சாரச் சட்டம் வந்தது. உற்பத்தி வேறு, கம்பி வேறு, விற்பனை வேறு என்று பிரித்தது. பணம் கட்டினால் யாருடைய கம்பியிலும் யாருடைய மின்சாரமும் போகலாம் என்றது. 2008 ஜூனில் நாட்டின் முதல் மின்சாரச் சந்தை திறந்தது. நாளைய மின்சாரத்துக்கு இன்றே ஏலம். விற்போர் எல்லாரும் விலை சொல்வார்கள். வாங்குவோர் எல்லாரும் விலை சொல்வார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நாடு முழுவதற்கும் ஒரே விலை. கேட்க இனிக்கிறதல்லவா? ஆனால் அடிக்குறிப்பு ஒன்று இருக்கிறது: கம்பியில் இடம் இருந்தால்தான் ஒரே விலை! இடம் இல்லையென்றால் சந்தையை இரண்டாக, மூன்றாக வெட்டிவிடுவார்கள். மின்சாரம் மிகுந்த பக்கத்துக்கு ஒரு விலை. குறைந்த பக்கத்துக்கு இன்னொரு விலை. அந்த வெட்டிலே தமிழ்நாடும் கேரளமும் புதுச்சேரியும் அன்று ஒரு துண்டு. அதற்கு 'தெற்கு 2' என்று பெயர். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. கொடுத்த விலையைக் கேட்டால்தான் நெஞ்சு எரியும்.

பட்டுக்காரனுக்குப் பட்டிலேயே சொல்வோம். கச்சாப் பட்டு கருநாடகத்திலிருந்து காஞ்சிக்கு வருகிறது. பெங்களூரில் கூடை கூடையாகப் பட்டு கிடக்கிறது. வரும் பாதையிலோ ஒரே ஒரு வண்டி போகும் பாலம். அங்கே விற்க முடியாமல் பட்டு தேங்கும்; விலை இறங்கும். இங்கே கிடைக்காமல் தறி ஏங்கும், விலை ஏறும். அங்கே கிலோ 3,000 ரூபாய், இங்கே 8,000 என்று வைத்துக்கொள்வோம். அங்கே விற்றவன் கையில் 3,000. இங்கே வாங்கியவன் கையிலிருந்து 8,000. நடுவிலே 5,000 ரூபாய் தொங்குகிறதே, அது யாருக்கு? நெசவாளி செய்த உழைப்புக்கா? இல்லை. பட்டுப்பூச்சி வளர்த்தவன் செய்த உழைப்புக்கா? இல்லை. பாலம் குறுகலாக இருந்ததற்காக! குறுகலுக்கே ஒரு வாடகை! மின்சாரச் சந்தையிலே அதற்கு 'நெரிசல் தொகை' என்று பெயர். (நூறும் ஆயிரமும் விளங்குவதற்காக நாம் சொன்ன கணக்கு, முறை மட்டும் அச்சாக அதுவே.)

இது போதாதென்று இன்னொரு தண்டமும் உண்டு. பாதையில் நெரிசல் இருக்கும்போது, பற்றாக்குறைப் பக்கத்திலுள்ள மாநிலம் தனக்கு விதித்த அளவுக்கு மேல் இழுத்தால், மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2010இல் வகுத்தபடி, யூனிட்டுக்கு 5 ரூபாய் 45 காசு நெரிசல் கட்டணம். ஒழுங்குக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. இழுத்துக்கொண்டே போனால் கட்டமைப்பே சாய்ந்துவிடும். ஆனாலும் பசித்தவன் ஒரு கவளம் கூடுதலாக எடுத்தால் தண்டம். பந்தியை இரண்டு ஆண்டு தாமதமாகப் போட்டவனுக்கு என்ன தண்டம்?

சரி, அந்த நெரிசல் தொகை எங்கே போகிறது? சந்தைக்காரன் சட்டைப்பைக்குப் போகவில்லை. அந்த மட்டில் நல்லது. மின் கட்டமைப்பு மேம்பாட்டு நிதி என்று ஒரு பெட்டி. நெரிசல் தொகையும் வேறு பல தண்டங்களும் அதிலே சேர்கின்றன. நெரிசல் தீரக் கம்பி போடுவதும், கட்டமைப்பைப் பலப்படுத்துவதும் அந்தப் பெட்டியின் வேலை. 2015 மார்ச்சில் டில்லி அமைச்சரவை என்ன செய்தது? எரிவாயு கிடைக்காமல் முடங்கிக் கிடந்த மின்நிலையங்களை ஓட்டுவதற்காக, அந்த நிதியிலிருந்து இரண்டு ஆண்டுகளில் 7,500 கோடி ரூபாய் வரை உதவ ஒப்புதல் தந்தது! முடங்கிய நிலையங்களில் பல ஆந்திரத்திலேதான் இருந்தன. அவை ஓடினால் தெற்குக்கும் பயன் உண்டு என்பதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் கேட்கிறோம்: பாலம் குறுகல் என்று வசூலித்த பணம் பாலத்தை அகலப்படுத்தத்தானே? ஆற்றைக் கடக்கக் கொடுத்த காசில் அக்கரையில் ஒரு சத்திரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தால், இக்கரையில் காத்து நிற்பவனுக்கு அது எப்படி நியாயமாகும்?

வழி இல்லாத ஊருக்கு வண்டி பேசிய கதையும் ஒன்று உண்டு. 2013இல் தமிழ்நாட்டு மின்வாரியம் தனியார் நிறுவனங்களோடு 15 ஆண்டுகளுக்கு 3,330 மெகாவாட் வாங்க ஒப்பந்தம் செய்தது. நிலையங்களில் பல தமிழ்நாட்டுக்கு வெளியே, தொலைவில். தேதி வந்தது, மின்சாரம் அத்தனையும் வரவில்லை. பாதை நிரம்பியிருக்கிறது என்றார்கள். காகிதத்தில் மின்சாரம் வாங்கியாயிற்று. காகிதத்தைக் கொளுத்தினால்தான் வெளிச்சம்!

பிறகு வழி வந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தின் வழியாகத் தெற்கும் மற்ற நான்கு மண்டலங்களும் ஒரே துடிப்பில் இணைந்தன. ஒரு கம்பி போட்டதும் நெரிசல் ஓடிவிடவில்லை. முதலில் அளந்து அளந்துதான் விட்டார்கள். அங்குல் – சிரீகாகுளம் – வேமகிரி, வார்தா – நிசாமாபாத் – ஐதராபாத் என்று அடுத்தடுத்துத் தடங்கள் எழுந்தன. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் கரூர் மாவட்டத்துப் புகளூர் வரை ஏறத்தாழ 1,765 கிலோமீட்டருக்கு, 800 கிலோவோல்ட்டில், 6,000 மெகாவாட் சுமக்கும் நேர்மின்னோட்டப் பாதை 2020லும் 2021லும் படிப்படியாக ஓட்டத்துக்கு வந்தது. அந்நாளைய மூன்று வாயில்களையும் கூட்டினால் 4,500. இந்த ஒரே பாதை 6,000! கம்பி வந்தது, 'தெற்கு 2'க்குத் தனியாக ஏறி நின்ற விலை இறங்கிற்று. ஏலம் நடத்திய மேதைகளால் ஆகாததை இரும்பும் அலுமினியமும் செய்தன.

"விலை ஏறியதால்தானே கம்பி வந்தது? எங்கே நெருக்கடி என்று விலைதானே காட்டிக்கொடுத்தது?" – சந்தையை நம்பும் அன்பர்கள் இப்படிக் கேட்பார்கள். கேள்வியில் சாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவிலே ஊருக்கு ஊர், துணை மின்நிலையத்துக்குத் துணை மின்நிலையம் தனி விலை வைத்து, நெரிசல் எங்கே என்று கண்ணாடிபோலக் காட்டும் முறைகள் நடக்கின்றன. வெப்பமானி வேண்டும் – ஒப்புகிறோம். ஆனால் காய்ச்சல் ஏற ஏறக் காசு கிடைக்கும் என்றால், மருந்து கொடுக்க மருத்துவன் அவசரப்படுவானா?

கலிபோர்னியாவில் நடந்ததைக் கேளுங்கள். செல்வம் கொழிக்கும் மாநிலம். சந்தையைத் திறந்துவிட்ட மாநிலம். வடபகுதிக்கும் தென்பகுதிக்கும் இடையே 'பாதை 15' என்று ஒரு குறுகல். 2001 சனவரியில் தெற்கே இருந்த மின்சாரம் அந்தக் குறுகலைத் தாண்ட முடியாமல், வடக்கே முறை வைத்து விளக்குகளை அணைத்தார்கள். அதே சமயத்தில் என்ரான் என்ற நிறுவனம் என்ன செய்தது? நெரிசலைக் குறைப்பவருக்குப் பணம் தருவதாகச் சந்தை விதி சொன்னதல்லவா? ஒரு யூனிட் மின்சாரத்தைக்கூட உண்மையில் நகர்த்தாமல், நெரிசலுக்கு எதிர்த்திசையில் அனுப்புவதாகக் கணக்குக் காட்டி, குறைக்காத நெரிசலைக் குறைத்ததாகக் கூலி வாங்கிற்று! அந்தச் சூழ்ச்சிக்குச் 'சாவு நட்சத்திரம்' என்று அவர்களே பெயரும் வைத்திருந்தார்கள். அந்நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் எழுதிவைத்த குறிப்பிலேயே அது வெளிப்பட்டது. 2001 டிசம்பரில் என்ரான் திவாலாயிற்று. பாதை 15இல் மூன்றாவது தடம் 2004 இறுதியில் வந்தது. அந்த என்ரான் நமக்கு அந்நியனல்ல. மராட்டியத்துத் தாபோலில் மின்நிலையம் கட்டி, விலை கட்டுபடியாகாமல் அம்மாநில மின்வாரியத்தைத் திணறவைத்து, 2001இல் நிலையத்தை மூடவைத்த அதே என்ரான்தான்!

கம்பி போடு, கம்பி போடு என்கிறோம். அந்தக் கம்பி எதன்மேல் போகிறது? ஆகாயத்தில் என்று டில்லிக் கோப்புகள் சொல்லும். உழவனைக் கேட்டால் உண்மை தெரியும். புகளூருக்கு வந்த பாதைக்கும் அங்கிருந்து கிளம்பும் தடங்களுக்கும் கரூர், ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் உயர் மின்கோபுரங்கள் நட்டபோது, உழவர்கள் வயலில் படுத்தார்கள், உண்ணாமல் இருந்தார்கள். 1885இல் வெள்ளைக்காரன் தந்திக் கம்பம் நடுவதற்காக எழுதிய சட்டத்தின் அதிகாரத்தை எடுத்து, நிலத்தை வாங்காமலே, உடையவன் ஒப்பாமலே கோபுரம் நட வழி செய்திருந்தார்கள். நிலம் அவன் பெயரில்; வரி அவன் கையில்; கோபுரம் மட்டும் கம்பெனிக்கு! கம்பியின்கீழ் தென்னை வைக்கக்கூடாது, வீடு கட்டக்கூடாது, விற்கப் போனால் பாதி விலைக்கும் கேட்பாரில்லை. 2015இல் மத்திய அரசு வகுத்த நெறிமுறை, கோபுரக் கால் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், கம்பி போகும் பாதைக்கு 15 விழுக்காடு வரையும் தரச் சொன்னது. 2024 ஜூனில் அதை 200 ஆகவும் 30 ஆகவும் உயர்த்தினார்கள். ஒன்பது ஆண்டு இடைவெளியில் கோபுரத்துக்கு நிலம் கொடுத்துவிட்டவன் என்ன பாவம் செய்தான் என்று கேட்டால் விடையில்லை. நெசவாளிக்கு விளக்கு வேண்டும் என்பதற்காக உழவன் வாயை மூடு என்று சொல்ல நம்மால் ஆகாது. குறுகலின் வாடகையில் கோடிகள் சேர்ந்தனவே, அதிலிருந்து கொடு, நிலம் தந்தவனுக்கு நிறைவாகக் கொடு – இதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. அந்த வாடகையைக் கட்டியவர்கள் நாம்!

கதை முடிந்துவிட்டதென்று நினைக்கவேண்டாம். நெரிசல் ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. இராசத்தானத்தில் வெயில் கொளுத்துகிறது. சூரிய மின்சாரம் குவிகிறது. எடுத்துச்செல்லத் தடங்கள் முடியாததால் 2025இல் பட்டப்பகலில் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னார்கள். நம் வீட்டுக்குள்ளேயும் பார்க்கவேண்டும். காற்று வீசுவது ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும். மின்சாரத்தைப் பெரிதாகக் குடிப்பது சென்னை, திருப்பெரும்புதூர், ஒரகடம். வைகாசி முதல் புரட்டாசி வரை காற்றுக் காலம். அந்தக் காலத்திலேயே 'காற்றாலையை நிறுத்து, கம்பியில் இடமில்லை' என்று கட்டளை பறந்த ஆண்டுகள் பல. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. தேவை இரட்டித்திருக்கிறது. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த விலையில்லா மின்சாரத்தை 2023இல் மாநில அரசு 300 ஆக்கியது; மெத்தச் சரி. ஆனால் விலையில்லா மின்சாரமும் கம்பி வழியாகத்தானே வரவேண்டும்? தேர் வரும் நாளில் மாடவீதியில் மின்சாரத்தை நிறுத்திவைப்பார்கள். தேர் நிலைக்கு வந்ததும் விட்டுவிடுவார்கள். 2012இல் நிறுத்திய தேர், நிலைக்கு வர இரண்டு ஆண்டு ஆயிற்று! இன்னொரு தடவை அப்படி ஒரு தேரோட்டம் நமக்கு வேண்டாம்.

ஆகவே செயலுக்கு வருவோம். மின்கட்டணம் மாற்றுவதற்கு முன்னால் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மக்களின் கருத்தைக் கேட்கவேண்டும் என்பது விதி. 2022 ஆகஸ்டில் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கேட்டார்கள். வந்தவர்களில் ஆலைச் சங்கத்தார் அச்சடித்த மனுவோடு வந்தார்கள், வழக்கறிஞர்களோடு வந்தார்கள். தறிக்காரன் வந்தானா? திருப்பெரும்புதூர் ஆலைத் தொழிலாளி வந்தானா? அடுத்த விசாரணை அறிவிப்பு ஏட்டில் வந்த அன்றே, பிள்ளையார்பாளையத்திலும் ஓரிக்கையிலும் ஐயம்பேட்டையிலும் கிளைத் தோழர்கள் கூடவேண்டும். மனு எழுதப் புலமை வேண்டாம்; ஒரு பக்கம் போதும். அதில் மூன்று கேள்விகள் இருக்கட்டும். 'தெற்கு 2' என்று வெட்டிய நாட்களில் தமிழ்நாடு கட்டிய நெரிசல் தொகை மொத்தம் எவ்வளவு? அதில் தமிழ்நாட்டுக்கு வரும் பாதைகளில் செலவானது எவ்வளவு? மறுபடியும் பற்றாக்குறை வந்தால், சென்னைக்கு 2 மணி, காஞ்சிக்கு 12 மணி என்ற பழைய வாய்ப்பாட்டைத்தான் எடுப்பீர்களா?